இரக்கமின்றி நீக்குக

மன்றத்தின் வழங்கியை இமைபோல் காத்துவருபவரும் என் ஒரே மகளின் கரம்பிடித்தவருமாகிய மாப்பிள்ளை அவர்களுக்கு, மாமனார் வாழ்த்தி வரையும் மடல். இங்கு நான் நலம். உங்கள் அத்தை நலம். வழங்கிதான் நலமாக இல்லை.

நீங்கள் வெளியூர்ப் பணிக்குப் புறப்பட்ட அன்று, "மாமா, மூணே வாரம். இந்தத் தாள்ல இருக்கிறபடி தட்டச்சு அக்கா பாத்துக்குவாங்க. நீங்க எதையும் தொடாதீங்க" என்றீர்கள். தொட்டேனா? வழங்கியைத் தொட்டேனா? அதன் கம்பியைத் தொட்டேனா? இல்லை! நான் தொட்டது தாளை மட்டுமே. சர்வராம், டேட்டாபேஸாம், பேக்கப்பாம், லாக்காம்! தமிழில் பேசுக என்று நாற்பது ஆண்டுகள் முழங்கியவன் செயலராக வீற்றிருக்கும் மன்றத்தின் சுவரில், ‘டிஸ்க் நிறைஞ்சா முப்பது நாளைக்கு மேலான லாக் எல்லாம் டெலீட்’ என்றொரு தாள் தொங்கலாமா? ஒரே மூச்சில் தமிழாக்கினேன். சர்வர் வழங்கியாயிற்று, டிஸ்க் வட்டாயிற்று, டேட்டாபேஸ் தரவுத்தளமாயிற்று, பேக்கப் காப்பாயிற்று. யார் எப்போது உள்ளே வந்தார், எது எப்போது பழுதாயிற்று என்று அந்தப் பொறி தானே எழுதிக்கொள்ளும் நாட்குறிப்புதான் லாக் என்று நீங்கள் முன்பே விளக்கியிருந்ததால், அதைப் ‘பதிவு’ என்றேன். டெலீட் என்ற சொல் உயிரற்றுக் கிடந்ததால் சற்றே வீறு ஏற்றி, ‘முப்பது நாள் கடந்த பழைய பதிவுகளை இரக்கமின்றி நீக்குக’ என்று எழுதினேன். ஏழாவதாக ஒரு வரி இருந்தது. எவ்வளவு முயன்றும் அதற்கு எதுகை அமையவில்லை, விட்டுவிட்டேன்.

இன்று செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணிக்கு, வட்டு தொண்ணூற்றெட்டு விழுக்காடு நிறைந்துவிட்டதென்று பொறி கூவியது. நானோ முன்னறையில் பதிப்பகத்தாரோடு தொலைபேசியில் இருந்தேன். என் உரைகள் ஆயிரத்து நூற்று நாற்பதும் வழங்கியில் உள்ளன, வியாழனன்று வந்து பெற்றுக்கொள்ளுங்கள், நூலாக்குங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்த அதே வேளையில், அடுத்த அறையில் தட்டச்சர் அம்மையார் என் தாளைப் படித்தார், திரையைப் பார்த்தார். திரையில் இருந்த தலைப்பு என்ன? ‘உரைப் பதிவுகள்’! அந்தத் தலைப்பை உங்களோடு வாதாடிப் பெற்றவன் யார்? நானே! நான் பேசி முடிப்பதற்குள் வட்டு பாதி காலியாயிற்று.

"என்னம்மா செஞ்சீங்க?"

"நீங்க எழுதினதைத்தான் ஐயா. பழைய பதிவெல்லாம் நீக்கியாச்சு."

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!"

"கேட்கலாம்னுதான் எழுந்தேன். ‘இரக்கமின்றி’ன்னு போட்டிருந்தீங்களா, திரும்ப உட்கார்ந்துட்டேன்."

அதற்குமேல் நான் பொறுக்கவில்லை. முக்கால் மணி நேரம் பேசினேன். அவர் மூன்று முறை கையை உயர்த்தி, "ஐயா, ஒரு நிமிஷம்" என்றார். குறுக்கீடுகளுக்கு இறுதியில் மறுமொழி உண்டு என்று கூறி அமர்த்தினேன். இறுதியில் எனக்கு இருமல் வந்துவிட்டது. அவர் உணவு இடைவேளைக்குப் போய்விட்டார்.

மாப்பிள்ளை, மனம்விட்டுச் சொல்கிறேன். இனி நீண்ட உரை கூடாது என்று தொண்டை மருத்துவர் கண்டித்துச் சொல்லி ஆறு திங்கள் ஆயிற்று. இந்த முக்கால் மணியை அவரிடம் சொல்லிவிடாதீர்கள். இனி நான் பேசியதற்குச் சான்று அந்தப் பெட்டி ஒன்றுதான், அதுவும் இப்படி ஆயிடுச்சேன்னு வீட்டுக்கு வந்து, காப்பு எங்கே, காப்பு எங்கேன்னு புலம்பினா, உங்க அத்தை கையை நீட்டி, "ரெண்டும் இங்கதான் இருக்கு, எதுக்கு?" என்கிறாள். அது இல்லடி, உரையெல்லாம் போச்சுன்னா, "அதுக்கா இந்தப் பாடு? எனக்கே பாதி மனப்பாடம், வேணும்னா நான் சொல்றேன், எழுதிக்கோங்க" என்று சிரிக்கிறாள். தொலைபேசியில் அழைத்தால் மகள் எடுத்து அவளும் சிரிப்பாள். ஆகவேதான் விரைவஞ்சலில் இம்மடல். கண்டதும் புறப்பட்டு வாருங்கள். வியாழனுக்குள் வாருங்கள்.

மகளுக்கு என் அன்பு. ஆனால் அவளிடம் மூச்சு விட வேண்டாம். நீங்கள் நீடு வாழ்க, உங்கள் வட்டுகள் நிறையாதிருக்க, உங்கள் வழங்கிகள் ஒருநாளும் வாய் திறந்து கூவாதிருக்க!

இங்ஙனம்,
உரையிழந்து நிற்கும்
உங்கள் மாமனார்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் வேளையில் தட்டச்சர் அம்மையார் வீட்டுக்கே வந்துவிட்டார். "இப்ப பேசலாமாங்க ஐயா?" என்றார். தலையசைத்தேன், குரல் இல்லை. "அழிக்கிறதுக்கு முன்னாடி பேக்கப் எடுத்து, அதைப் பக்கத்து மெஷின்ல ஏத்தித் திறந்து பாத்துட்டுத்தான் கை வைக்கணும். மாப்பிள்ளைத் தம்பி எழுதின தாள்ல அதுதான் ஏழாவது வரி. நீங்க விட்டுட்டீங்க, நான் விடல. உரையெல்லாம் திரும்ப ஏத்தியாச்சு. லாக்கை அழிச்சேன், இடமும் கிடைச்சுது. இதைச் சொல்லத்தான் மூணு தடவை கையைத் தூக்கினேன்."

உரைகள் சரியாகத் திறக்கின்றனவா என்று முப்பதைக் கேட்டும் பார்த்தாராம். முதல் பத்து மணித்துளிகள் முப்பதிலும் ஒன்றேதானாம். "ஒண்ணு தப்பிச்சிருந்தாக்கூட சமாளிச்சிருக்கலாம் ஐயா" என்று ஆறுதல் கூறிச் சென்றார்.

ஆகவே நீங்கள் வர வேண்டாம். எழுதிய மடலைக் கிழிக்க மனம் வராததால் அனுப்புகிறேன். மாலையில் மன்றத்துக்குப் போய்வந்தேன். சுவரில் இப்போது உங்கள் பழைய தாளே தொங்குகிறது. அதில் மங்கியிருந்த ‘லாக்’ என்ற சொல்லின்மீது யாரோ கறுப்பு மையால் தடிமனாக எழுதியிருக்கிறார்கள். ஊர் திரும்பியதும், அது அப்பாவின் கையெழுத்து என்று மகள் சொன்னால், நம்ப வேண்டாம்.