பலகை பார்க்கிறவர்

மரம் வெட்டுகிறவரை உங்களுக்குத் தெரியும். அறுக்கிறவர், இழைக்கிறவர், சுமக்கிறவர், விற்கிறவர், வாங்கி வீட்டில் போட்டு அதன்மேல் உட்காருகிறவர், இவர்களையும் தெரியும். இவர்களுக்கு நடுவே இன்னொரு இனம் உண்டு. வெட்ட மாட்டார், அறுக்க மாட்டார், வாங்கவும் மாட்டார். பார்ப்பார். பார்த்துக்கொண்டே இருப்பார். பலகை பார்க்கிறவர் என்று அவருக்குப் பேர். எல்லா ஊரிலும் கிடைப்பார். மட்டாஞ்சேரியில் சற்றுத் தாராளமாகக் கிடைப்பார்.

அடையாளம் சொல்கிறேன். வலது கை நடுவிரலின் முட்டி காய்த்துப் போயிருக்கும். எந்த மரச் சாமானைக் கண்டாலும் முதலில் அந்த முட்டியால் மூன்று தட்டு; பிறகு காதை ஒட்டி வைத்து ஒரு கேட்பு; பிறகு கட்டைவிரலை நாக்கில் தொட்டு மரத்தில் தேய்த்து, ரேகை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று குனிந்து ஒரு பார்வை; பிறகு மூக்கை வைத்து ஒரு முகர்வு; கடைசியில் சட்டைப் பையிலிருந்து ஒரு கோலிக்குண்டை எடுத்து அதன்மேல் உருட்டிவிட்டு, அது போன திசையில் ஒரு பெருமூச்சு. பெருமூச்சுக்குப் பிறகு வருகிற வார்த்தை ஒன்றுதான்.

"நல்ல மரம்தான். ஆனா..."

அந்த 'ஆனா'வுக்கு முன்னால் நின்று ஜெயித்த மரம் இந்தப் பூமியில் இல்லை.

நம் ஜாபர் சாதிக் ராவுத்தரையே எடுத்துக்கொள்ளுங்கள். பஜார் ரோட்டில் ஒரு சுக்குக் கிட்டங்கியில் மூட்டைகளுக்கு மார்க் போடுகிற வேலை. ஐந்து வேளையும் தொழுகிறவர், எறும்பைக் கண்டால் விலகி நடக்கிறவர், குணத்தில் தங்கம். வீட்டுக்காரி லதீஃபா பாலக்காட்டுக்காரி. அவளிடம் ஒரு தையல் மிஷின் இருந்தது. கல்யாணமாகி வரும்போது கொண்டுவந்தது. ஒரு நாள் நூல் சிக்கி நின்றுபோயிற்று.

"தள்ளு, நான் பார்க்கறேன்" என்றார் ராவுத்தர்.

லதீஃபா பித்தளைத் தாம்பாளத்தை ஏந்திப் பக்கத்தில் நிற்க, அவர் ஒவ்வொன்றாகக் கழற்றி அதில் வைத்தார். முப்பத்திரண்டு துண்டு ஆயிற்று. முப்பத்திரண்டையும் ஒரு தடவை பார்த்தார். லதீஃபாவை ஒரு தடவை பார்த்தார்.

"இதைத் தரையில வச்சுப் பூட்டினா சரியா உக்காராது. பட்டறை மேசை வேணும். ஆசாரி எதுக்கு? நானே பண்ணிடறேன்."

துண்டுகள் பிஸ்கட் தகரத்துக்குள் போயின. தகரம் அலமாரிக்கு மேலே போயிற்று.

பொய் சொல்லக் கூடாது, மேசையின் நாலு காலும் ஒரே வாரத்தில் வந்துவிட்டன. முன்னறையில் நிறுத்திக் குறுக்குச் சட்டமும் அடித்துவிட்டார். மேல் பலகைதான் மிச்சம். அப்போது இது திருக்கொச்சி மாநிலம். அப்புறம் கேரளம் பிறந்தது, ஓட்டுப் போட்டார்கள், புது மந்திரிகள் வந்தார்கள், அணா போய் நயா பைசா வந்தது. பலகை வரவில்லை. தலையில்லாத நாலு கால் முன்னறையில் நின்றபடி நின்றது. மழைக்காலத்தில் லதீஃபா அதில் ஈரத் துணி போட்டாள். புதிதாக வருகிறவர்கள், "கட்டில் பலகையை வித்துட்டீங்களா?" என்று இரக்கமாகக் கேட்டுவிட்டு ஓரமாக நடந்து போனார்கள்.

மரம் கிடைக்கவில்லையா? கேட்காதீர்கள். தேக்கு பார்த்தார். "ராஜா மரம். ஆனா ராஜாவைப் படுக்க வச்சு மேல சுத்தியல் அடிக்கறதா?" ஈட்டி பார்த்தார். "இரும்பு மாதிரிதான். ஆனா கறுப்பு. ஒரு சின்ன ஸ்க்ரூ விழுந்தா எங்கேன்னு தேடறது?" ஆஞ்ஞிலி பார்த்தார். "படகுக்குப் பொறந்தது. ஆனா தண்ணியைத் தேடிக் கோணிக்கும்." பலா பார்த்தார். "மஞ்சளா இருக்கு, கண்ணு கூசும்." புளி பார்த்தார். "கசாப்புக் கடை ஞாபகம் வருது." படைத்தவன் இத்தனை மரத்தைப் படைத்தது மனுஷனுக்கு உதவட்டும் என்றுதான். ராவுத்தருக்கு உதவும்படி ஒன்றைப் படைக்க மறந்துவிட்டான் போலும் என்று லதீஃபா நினைத்து, நினைத்ததற்காக உடனே பாவமன்னிப்பும் கேட்டுக்கொண்டாள்.

ஜூ டவுனில் ஒரு யூதக் குடும்பம் இஸ்ரேலுக்குக் கப்பல் ஏறப் போகிறது, சாமானெல்லாம் கொடுத்துவிட்டுப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு ஓடினார். அங்கே சாப்பாட்டு மேசை ஒன்று, ஒரே பலகை. வீட்டு மனுஷர்கள் கதவைப் பிடித்துக்கொண்டு அழுகிறார்கள். இவர் மேசைக்கு அடியில் மல்லாந்து படுத்துத் தட்டிக்கொண்டிருக்கிறார். வீட்டம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எடுத்துக்கோ ராவுத்தரே, உபயோகிக்கிறவர் கையில இருக்கட்டும்" என்றாள். "நாளைக்கு வந்து இன்னொரு தடவை பார்த்துட்டுச் சொல்றேன்" என்றார் இவர். மூன்று வெள்ளிக்கிழமை போய்ப் பார்த்தார். நாலாவது வெள்ளிக்கிழமை போனபோது பூட்டுத்தான் இருந்தது. அதையும் தட்டிப் பார்த்தாரா என்று எனக்குத் தெரியாது.

அதுகூடப் பரவாயில்லை. தெருவில் ஒரு மய்யித்து விழுந்தது. மய்யித்தை வைத்த சந்தூக்கைத் தோள் மாற்றும்போது, இறந்தவரின் தம்பிக்குப் பக்கத்தில் நடந்துகொண்டே, ராவுத்தர் அதன் சட்டத்தை மூன்று தட்டுத் தட்டி, "தம்பகமா?" என்று மெல்லக் கேட்டார். தம்பகம் ஒரு மலை மரம். தம்பி, "இல்லை, அண்ணன்" என்றார். அவருக்குக் காதும் மனசும் வேறெங்கோ. அல்லாஹ் இருவரையும் மன்னிக்கட்டும்.

சுள்ளிக்கல் பக்கத்தில் மரமில் வைத்திருக்கிற பைலி, ராவுத்தர் தலை தெரிந்தாலே ஆட்களிடம், "நல்ல பலகையெல்லாம் உள்ளே வை, இல்லேங்கில் இன்னைக்குக் கச்சவடம் நடக்காது" என்பான். அவனே ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டான்.

"ராவுத்தரே, இது மேசைக்கோ, நிக்காஹுக்கோ? மிஷின் ரிப்பேர் செய்யான் மாவு மதி. நல்ல காஞ்ச மாவு இருக்கு, கொண்டு போ."

மலையாளத்தில் மாமரத்துக்கு மாவு என்று பேர்; மதி என்றால் போதும். அரிசிப் பத்திரி சுட அரைக்கிறதும் அங்கே மாவுதான்.

"மாவா!" ராவுத்தர் கையை உதறினார். "பெட்டி அடிக்கிற மரம். உங்க ஊர்ல செத்தவங்களை எரிக்கறதுக்கு வெட்டற மரம். அது என் வீட்டு முன்னறைக்கா?"

வீட்டில் லதீஃபா கேட்டால் பதில் இன்னும் சின்னது. "இன்ஷா அல்லாஹ், அமையும்." எவ்வளவு பெரிய சொல்! அதைப் போய் இல்லாத பலகைக்குமேல் விரித்து மூடி வைத்துவிட்டால், அதைத் தூக்கிப் பார்க்க எந்த ஈமானுள்ள பெண்ணுக்குத் துணிச்சல் வரும்? லதீஃபா கிழிந்ததைக் கையால் தைத்தாள்.

இப்படி மூன்று வருஷம் போன பிறகு மகள் மரியத்துக்குத் தோப்பும்படியிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பையன் அப்துல் ஜலீல். விசாரித்து வர ராவுத்தர் போனார். ஒரு மணி நேரத்தில் திரும்பினார், முகமெல்லாம் வெளிச்சம்.

"முடிச்சாச்சு."

"பையன் என்ன வேலைங்க?"

"லதீஃபா, அந்த வீட்டுக் கதவை நீ பார்க்கணுமே! ஈட்டி. ஒரே பலகை. தட்டினா மணி மாதிரி கேக்குது."

"பையன் தொழுவானா? குடும்பம் எத்தனை பேர்?"

"நிலையும் ஈட்டிதான்!"

ஒரு பலகைக்கு மூன்று வருஷம். மருமகனுக்கு மூன்று தட்டு. லதீஃபா அன்றைக்கு இரண்டு ரக்கஅத் அதிகமாகத் தொழுதாள். அவள் தொழுதது வீண்போகவில்லை. போர்ட்டில் கிரேன் ஓட்டுகிற நல்ல பிள்ளை என்று அப்புறம் அக்கம்பக்கத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

நிக்காஹுக்கு நாற்பது நாள். அவர்கள் குடும்பத்தில் ஒரு பழக்கம் உண்டு. பெண்ணோடு போகிற தலையணை உறை, விரிப்பு, அவள் மறுநாள் உடுத்துகிற ஜாக்கெட், எல்லாம் பெற்றவள் கையால் தைத்ததாக இருக்க வேண்டும். லதீஃபாவுக்கு அவள் அம்மா இந்த மிஷினில்தான் தைத்துக் கொடுத்தாள். மரியம் ஒன்றும் கேட்கிற பெண் இல்லை. ஒரு நாள் மட்டும் அலமாரிக்கு மேலே இருந்த தகரத்தை இறக்கித் தூசு துடைத்துவிட்டு, திரும்ப அங்கேயே வைத்தாள். லதீஃபாவுக்கு அது போதும்.

"ஏங்க, மிஷின்..."

"இன்ஷா அல்லாஹ், பலகை அமையட்டும்."

மிச்சம் முப்பது நாள் ஆயிற்று. இருபத்தைந்து ஆயிற்று.

லதீஃபா புருஷன் சொல் மீறி ஒரு சாமான் வாங்கினவள் இல்லை. பொய்யும் சொல்ல மாட்டாள். இந்த இரண்டுக்கும் நடுவில் சந்து ஏதாவது இருக்கிறதா என்று ஒரு ராத்திரி முழுக்க யோசித்தாள். விடிந்ததும் ராவுத்தர் கட்டில் காலைத் தட்டிக் காது வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கும் நேரமாகப் பார்த்துப் பக்கத்தில் போய் நின்றாள்.

"ஏங்க, மாவு வாங்கட்டுமா?"

"வாங்கு, வாங்கு. கல்யாண வீடு, மாவு இல்லாம எப்படி?"

"நம்ம அம்மிணிச் சேச்சியைக் கூட்டிட்டுப் போறேன். தனியாத் தூக்க முடியாது."

"ஆமா, கூட்டிக்கோ." காதைக் கட்டிலிலிருந்து எடுக்கவில்லை. "நல்லாக் காஞ்சதாப் பாரு. ஈரமா இருந்தா பூச்சி வைக்கும்."

"சரிங்க" என்றாள் லதீஃபா. ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. தோளில் உட்கார்ந்து கணக்கெழுதுகிற மலக்குகள் எழுதிக்கொள்ளட்டும்.

வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு, பக்கத்து வீட்டு அம்மிணியோடு பைலியின் மில்லுக்கு நடந்தாள்.

"இத்தா, மாவு மதியோ? ராவுத்தர் சம்மதிச்சோ?" பைலிக்கு நம்பிக்கை வரவில்லை.

"சம்மதிச்சாரு சேட்டா. நல்லாக் காஞ்சதாப் பார்க்கச் சொன்னாரு."

பைலி அவளைப் பார்த்தான், அம்மிணியைப் பார்த்தான், அம்மிணி முந்தானையால் வாயை மூடியிருப்பதைப் பார்த்தான். மூன்று கனத்த பலகையை இழைத்து, தன் ஆசாரியையும் கூடவே அனுப்பினான். ஆசாரி தட்டவில்லை, முகரவில்லை. நாலு காலின்மேல் பலகையை வைத்தான், அடித்தான், சாயா குடித்தான், போனான். அரை மணி நேரம்.

அஸர் தொழுதுவிட்டு ராவுத்தர் வந்தார்.

"மாவு வாங்கிட்டியா?"

"வாங்கிட்டேங்க."

"எங்கே வச்சிருக்கே?"

"முன்னறையில."

"முன்னறையிலயா? எறும்பு வருமே!" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனார்.

எறும்பு வரவில்லை. மூன்று தட்டு வந்தது. தொப், தொப், தொப்.

"லதீஃபா! இது மாமரம்!"

"மாவுதானே கேட்டேன். காஞ்சதாப் பார்க்கச் சொன்னீங்க, பார்த்தேன்."

மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அம்மிணியின் குரல்: "ராவுத்தரே, நான் சாட்சி! பூச்சி வைக்காது!"

ராவுத்தர் கோபப்பட வாயைத் திறந்தார். அதற்குள் மரியம் தகரத்தைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்து, மூடியைத் திறந்துவிட்டாள். அவர் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஒரு துண்டை எடுத்தார். வைத்தார். இன்னொன்றை எடுத்தார். அவர் நெற்றியில் வேர்வை அரும்பியதை லதீஃபா பார்த்தாள். பார்த்ததும் மூன்று வருஷமும் அவளுக்கு ஒரே நிமிஷத்தில் விளங்கிப்போயிற்று. இந்த மனுஷர் எந்த மரத்தையும் தேடி அலையவில்லை. இந்த மூடி திறக்கிற நாள் வந்துவிடக் கூடாதே என்றுதான் ஊரிலுள்ள மரத்துக்குப் பின்னாலெல்லாம் ஒளிந்து நின்றிருக்கிறார்.

"மரியம், உள்ளே போய்ச் சாயா போடு" என்றாள்.

மகள் போன பிறகு அவர் தலையைத் தூக்காமல் சொன்னார். "எது எங்கேன்னு எனக்குத் தெரியலை. அன்னைக்கே தெரியலை."

அவள் சிரிக்கவில்லை. எதிரே உட்கார்ந்து தகரத்தைத் தன் பக்கம் நகர்த்தினாள். "கழட்டினப்போ தாம்பாளம் பிடிச்சது நான்தானே? இந்தக் கொக்கி கடைசியா வந்தது. அப்போ முதல்ல இதுதான் போகணும். நீங்க முறுக்குங்க, நான் எடுத்துத் தர்றேன்."

அவள் எடுத்துக் கொடுத்தாள், அவர் முறுக்கினார். இரண்டு தடவை தப்பாகப் பூட்டி இரண்டு தடவை கழற்றினார்கள். மூன்றாம் நாள் லுஹர் தொழுகைக்கு முன்னால் ஊசி ஏறி இறங்கிற்று. லதீஃபா முதலில் தைத்தது மரியத்தின் தலையணை உறை. மூலைக்கு வந்ததும் கண் மறைத்தது. துடைத்துக்கொண்டு திருப்பித் தைத்தாள். நிக்காஹுக்கு இரண்டு நாள் இருக்கும்போது மரியத்தோடு போகிற பெட்டி நிறைந்துவிட்டது.

இப்போது ராவுத்தர் எப்படி இருக்கிறார் என்கிறீர்களா? பஜார் ரோட்டில் யார் வீட்டில் பட்டறை மேசை என்ற பேச்சு வந்தாலும், "மாவுதான் போடணும். வேற மரமே ஆகாது. நான்தான் அன்னைக்குத் துணிஞ்சு வாங்கச் சொன்னேன்" என்கிறார். லதீஃபா மறுப்பதில்லை. சொன்னது அவர்தானே? மேசைக்கு ஓர் இழுப்பறை வைக்கலாம் என்றும் ஒரு யோசனை இருக்கிறதாம். அதற்குப் பலகை பார்க்கிறார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் நல்ல நோட்டுப் புத்தகம் கிடைக்கட்டும் என்று எழுதாமல் வைத்திருக்கிற கணக்கு யாருடையது? நல்ல வார்த்தையாக அமையட்டும் என்று மூன்று பெருநாளாகத் தம்பிக்குப் போடாத கடிதம் யாருடையது? நமக்கென்ன, அப்படி ஒன்றும் இல்லை என்று தோன்றினால் சந்தோஷம். வீட்டில் இருக்கிற அம்மாளிடம் மட்டும் கேட்டுவிடாதீர்கள். அவள் யோசிக்கக்கூட மாட்டாள், உடனே சொல்லிவிடுவாள்.