லாடக்காரருக்கு ஒரு பச்சைப் பெட்டி

தேர்தலில் நிற்பவர்களை உங்களுக்குத் தெரியும். நிறுத்துகிறவரைத் தெரியுமா? ஊருக்கு ஒருவர் உண்டு. அவர் எந்தத் தேர்தலிலும் நின்றதில்லை, நிற்கவும் மாட்டார். ஆனால் பஞ்சாயத்துத் தேர்தலுக்கு நாள் குறித்துவிட்டார்கள் என்றால் போதும், மேல்துண்டை உதறிப் போட்டுக்கொண்டு, யாருக்கு என்ன குறை, யாருக்கு யார்மேல் கோபம், யார் வீட்டு ஆட்டைப் பிரசிடெண்டின் நாய் கடித்தது என்று தெருத் தெருவாக மோப்பம் பிடித்து, கடைசியில் ஓர் அப்பாவியின் தோளில் கையைப் போட்டு, "நீ நில்லு, பின்னாடி நானிருக்கறேன்" என்பார். அவ்வளவுதான். அப்பாவி வேட்பாளராகிவிட்டார்.

எலப்புள்ளிக்கும் கஞ்சிக்கோட்டுக்கும் நடுவே, தமிழும் மலையாளமும் பேசும் எங்கள் ஊரில் அவர் பெயர் துரைசுவாமி. போன தேர்தலில் அவர் கை விழுந்தது லாடம் அடிக்கும் சென்னிமலையின் தோளில்.

சென்னிமலை மாடுகளோடு பேசுவார். மனிதர்களோடு அவ்வளவாக இல்லை. சாலையோரப் புளியமரத்தடியில் வண்டிமாட்டைக் கயிறு போட்டுச் சாய்த்து, காலைக் கட்டி, குளம்பைச் சீவி, லாடம் வைத்து ஆணி இறக்குவது அவர் தொழில். நாற்பது வண்டிகள் அவரை நம்பி ஓடின. அந்த மரத்தை வெட்டப் போவதாகப் பிரசிடெண்டு சொல்லிவிட்டார். நிழல் போனால், சுடுமண்ணில் கட்டுண்டு கிடக்க எந்த மாடு சம்மதிக்கும்?

"மரம் நிக்கோணும்னா நீ நிக்கோணும்" என்றார் துரைசுவாமி.

"எனக்குப் பேச வராதுங்களே."

"பேசத்தான் நானிருக்கறனே!"

சென்னிமலையின் மனைவி மருதாத்தாள் குறுக்கே வந்தாள். "ஏனுங்கண்ணா, பேச வர்ற நீங்களே நின்னா ஆகாதுங்களா?"

"நான் நின்னா, அப்பறம் பின்னாடி ஆரம்மா இருக்கறது?"

இதற்கு உங்களிடம் பதில் இருக்கிறதா?

மறுநாளே சென்னிமலைக்கு வெள்ளைச் சட்டை வந்தது. சுத்தியல் பரணுக்குப் போயிற்று. வேட்பாளருக்கு ஒரு நிறத்தில் வாக்குப்பெட்டி வைப்பார்கள்; பச்சைப் பெட்டி அவருடையது என்று நோட்டீஸ் அடித்தார்கள்; ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் மலையாளம். தமிழ்ப் பக்கம் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு உறுதி கூறியது. மலையாளப் பக்கம் அதே இடத்தில் மலையாளப் பள்ளிக்கூடம் கட்டியது. இரண்டு பக்கத்தையும் படிக்கத் தெரிந்தவர்கள் ஊரில் சிலரே என்பது துரைசுவாமிக்குத் தெரியும். கூட்டத்துக்குக் கூட்டம் சென்னிமலை எழுந்து, "மரத்தை வெட்ட வேண்டாமுங்க" என்று ஒரே வாக்கியம் சொல்லி உட்காருவார். உடனே துரைசுவாமி எழுந்து காலேஜ், ஆஸ்பத்திரி, ஆகாயவிமான நிலையம் எல்லாம் தருவார். மரம் மட்டும் அவர் பேச்சில் ஒரு நாளும் வந்ததில்லை.

வண்டிக்காரர்கள் நொண்டும் மாடுகளோடு வந்தார்கள்.

"அண்ணா, ரெண்டே ஆணிங்க. மாடு காலை ஊன மாட்டேங்குதுங்க."

"இது மனுசங் காலைப் புடிக்கற நேரமப்பா" என்று துரைசுவாமி விரட்டினார். "மாட்டுக் காலெல்லாம் ஜெயிச்சப்பறம்!"

இப்படி ஒரு மாதம்.

வாக்குப்பதிவு நாளன்று தூரத்துக் களத்து வீடுகளிலிருந்து வாக்காளர்களை ஏற்றிவர முப்பது வண்டிகளை அனுப்பினார் துரைசுவாமி. பிரசிடெண்டோ, ஓட்டுக்காக அந்த வாரம்தான் சாலையில் புது ஜல்லி கொட்டியிருந்தார். லாடம் தேய்ந்த மாடுகள் ஜல்லியில் நான்கு அடி வைத்தன; ஐந்தாவது அடிக்குப் படுத்துவிட்டன. புளியமரத்தருகே முப்பது வண்டிகளும் வரிசையாக நின்றன. வாக்குச்சாவடி இன்னும் ஒரு மைல்.

"இறங்கி நடங்களேன்!" என்று கெஞ்சினார் துரைசுவாமி.

"வண்டியில கூட்டிட்டுப் போறன்னு சொன்னீங்களே" என்றார்கள் வாக்காளர்கள். ஒருவரும் அசையவில்லை.

சென்னிமலை மாடுகளைப் பார்த்தார். வெள்ளைச் சட்டையைக் கழற்றிக் கிளையில் மாட்டினார். சுத்தியலை எடுத்துவர மருதாத்தாள் ஓடினாள்.

"ஓட்டுப் போடற நேரத்துல ஆணி அடிக்கறயே, உனக்கு மதியிருக்குதா?" என்றார் துரைசுவாமி.

"மாட்டுக்கு நோவுதுங்க."

பதினோராவது மாட்டுக்கு லாடம் ஏறியபோது மணி ஐந்தாகிவிட்டது. வாக்குச்சாவடியை மூடிவிட்டார்கள். பச்சைப் பெட்டி முப்பத்தொரு வாக்கில் தோற்றது.

பிரசிடெண்டின் வெற்றி ஊர்வலம் அதே ஜல்லி வழியாகத்தான் வந்தது. அவர் வண்டி மாடும் அங்கேதான் லாடத்தை உதறிற்று. மாலையும் கழுத்துமாக அவர் மரத்தடிக்கு வந்து நின்றார். சென்னிமலை மாட்டைச் சாய்த்தார், கட்டினார், ஒரு லாடம் அடித்தார். அடுத்த ஆணிக்குச் சுத்தியலை ஓங்கியவர், ஓங்கியபடியே நிமிர்ந்து, தமக்குத் தெரிந்த ஒரே சொற்பொழிவை ஆற்றினார்:

"மரத்தை வெட்ட வேண்டாமுங்க."

பிரசிடெண்டு கட்டுண்டு கிடந்த மாட்டைப் பார்த்தார். சுற்றி நின்ற வண்டிக்காரர்களைப் பார்த்தார். பிறகு அண்ணாந்து பார்த்தார்.

"ஆரு வெட்டறாங்க? நல்ல நெழலாச்சே!"

ஆணி இறங்கியது.

"பாத்தீங்களா என்ற பிரசாரத்தை!" என்றார் துரைசுவாமி. "மரம் நின்னுச்சா, இல்லியா?" அன்று மாலையே அவர் கை வேறொரு தோளைத் தேடிக்கொண்டிருந்தது.

சிரிக்கிறீர்கள். நல்லது. போன வாரம் ரேஷன் கடை வரிசையில், முன்னால் நின்ற ஒரு சாதுவான மனிதரின் முதுகைத் தட்டி, "எடை ஏன் குறையுதுன்னு நீங்க கேளுங்க, நாங்க இருக்கோம்" என்று ஒருவர் சொன்னாராம். சாது கேட்டுவிட்டார். கேட்டுவிட்டுத் திரும்பியும் பார்த்தார்; பின்னால் ஒருவரும் இல்லை.

அப்போது நீங்கள் எங்கே இருந்தீர்கள்?