பெல் அமுக்காத மனிதர்

லிஃப்ட் மெக்கானிக்குக்கு இந்த உலகத்தில் ஆகவே ஆகாத கூட்டம் ஒன்று உண்டு. அலாரம் அமுக்குகிற கூட்டம்.

லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவே கொஞ்சம் தயங்கி நின்றால் போதும். உள்ளே இருப்பவர்கள் அந்த மஞ்சள் பட்டனைப் போட்டு அமுக்கு அமுக்கென்று அமுக்குவார்கள். மனுஷன் அப்போதுதான் சோற்றில் கை வைத்திருப்பார். கையைக் கழுவிவிட்டு டூல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுவார். போய்ப் பார்த்தால் லிஃப்ட் தானாகவே நகர்ந்து போயிருக்கும். அமுக்கிய ஆசாமி டீ குடிக்கப் போயிருப்பான். வருஷக்கணக்காக இதே பிழைப்பு. வெறுத்துப்போய் ஒரு சபதம் எடுத்தார்: தலையே போனாலும் சரி, தன் ஆயுசில் ஒருத்தனுக்கும் பெல் அடித்துத் தொந்தரவு கொடுப்பதில்லை.

சபதம் வீட்டுக்குள்ளும் அமலில் இருந்தது. குழாய் ஒழுகினால் பிளம்பரைக் கூப்பிடக் கூடாது. ஃப்யூஸ் போனால் எலக்ட்ரீஷியன் வாசல்படி மிதிக்கக் கூடாது. எல்லாம் அவரே பார்ப்பார். அவர் பார்த்த பிறகு குழாயில் ஒழுகாத இடம் எது என்று தேட வேண்டியிருக்கும். அது வேறு விஷயம்.

அவர்கள் குடியிருந்த கட்டடத்தின் லிஃப்ட் மக்கர் பண்ணியபோதும் இதே கூத்துதான். "கம்பெனி ஆளா? எதுக்குங்க? நான் ஒருத்தன் கல்லு மாதிரி இருக்கேனே!" என்று குடியிருப்போர் சங்கச் செயலாளரிடம் மார் தட்டினார். தட்டிய மறுநாளே லிஃப்டைக் கழற்றினார். அதன் பாதி உறுப்புகள் இப்போது அவர் வீட்டு பால்கனியில், துணி காயப்போடும் கொடிக்குக் கீழே, செய்தித்தாள் மேல் பரப்பிக் கிடந்தன. கட்டடமே ஒரு வாரமாகப் படியேறிக்கொண்டிருந்தது. ஏறும்போதெல்லாம் அவரை வாயார வாழ்த்திக்கொண்டும் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரும் படியேறினார், தோளில் குடிதண்ணீர் கேனோடு. வீடு நாலாவது மாடி. மூன்றாவது மாடித் திருப்பத்தில் நெஞ்சுக்குள் என்னவோ செய்தது. கேனை இறக்கி வைத்துவிட்டு நின்றார். பிறகு, யாராவது பார்த்துவிடப் போகிறார்களே என்று, அதைத் தூக்கிக்கொண்டு மிச்சப் படிகளையும் ஏறி முடித்தார்.

அவருடைய மனைவி மழலைப் பள்ளி டீச்சர். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, மறுநாள் வகுப்புக்காகக் காகிதத்தில் வாத்து வெட்டிக்கொண்டிருந்தாள். மெக்கானிக் நாற்காலியில் வந்து விழுந்த தினுசைப் பார்த்ததும் கத்தரிக்கோல் பாதி வாத்தில் நின்றது.

"என்னங்க, மூஞ்சி ஏன் இப்படி வெளுத்துப் போச்சு?"

"ஒண்ணுமில்ல. கேஸு."

"ஃபேனுக்குக் கீழ உட்கார்ந்துட்டு இப்படி வேர்க்குதே?"

"கேனைத் தூக்கிட்டு நாலு மாடி ஏறினா வேர்க்காம குளிரவா செய்யும்?"

அவள் எழுந்து வந்து கையைத் தொட்டுப் பார்த்தாள். "கை ஜில்லுனு இருக்கு!"

"அப்ப குளிருதுன்னு வெச்சுக்கயேன்!"

"நெஞ்சு வலிக்குதா?"

"வலியெல்லாம் இல்ல. சும்மா ஒரு பாரம். நடுவுல யாரோ டூல் பெட்டியை வெச்சுட்டு எடுக்க மறந்துட்ட மாதிரி."

"இடது கையை எதுக்குத் தடவிக்கிறீங்க?"

"கேனை அந்தக் கையிலதான் தூக்கினேன்."

"வலது தோள்லதானே வெச்சுட்டு வந்தீங்க? நான்தான் பார்த்தேனே."

"கேஸுன்னா சுத்தும். உனக்கென்ன தெரியும்?"

"இப்ப தாடையை அமுக்கிறீங்களே, அங்கயும் கேஸா?"

"ஒரு வீட்டுக்குள்ள நுழைஞ்சா நாலு ரூமுக்கும் போகாதா? போய் வெந்நீர் கொண்டா!"

அவள் வெந்நீர் கொண்டுவரவில்லை. மேஜை மேல் இருந்த போனை எடுத்தாள். "ஆம்புலன்ஸைக் கூப்பிடுறேன்."

அதுவரை கையைத் தூக்கவே சிரமப்பட்டவர் எங்கிருந்துதான் அந்த வேகத்தைக் கொண்டுவந்தாரோ, போனைப் பறித்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அங்கே ஏற்கனவே அவருடைய போன் இருந்தது. வீட்டில் வேறு போன் கிடையாது.

"பெல் அமுக்கிற வேலையெல்லாம் நம்ம வீட்ல வேணாம்!"

"ஏங்க, அவங்க வேலையே அதுதானே?"

"என் வேலையும் அதுதான்! அந்த வயித்தெரிச்சல் எனக்குத்தான் தெரியும். பாவம், ஞாயித்துக்கிழமையும் அதுவுமா ஓடி வருவான். பார்த்துட்டு கேஸுன்னு சொல்லிட்டுப் போவான். என் மானம் என்ன ஆகிறது?"

"கேஸுன்னு சொன்னா நல்லதாப் போச்சு. சிரிச்சுட்டு இருந்துடலாம்."

"அரை மணி நேரம் பார்ப்போம். சரியாகலைன்னா நானே ஸ்கூட்டரை எடுத்துட்டுப் போறேன்."

"எங்க ஸ்கூல் வேன் டிரைவரும் அரை மணி நேரம் பார்ப்போம்னுதாங்க சொன்னாரு." அவள் போனுக்காகக் கையை நீட்டினாள். "பார்த்துக்கிட்டே இருந்து போய்ச் சேர்ந்துட்டாரு. நேரம் ஆக ஆக இதயம் கொஞ்சம் கொஞ்சமா செத்துக்கிட்டே வருமாம். சீக்கிரம் போனா காப்பாத்திடலாமாம்."

"அவன் பீடி குடிப்பான்."

"டீ கூடக் குடிக்க மாட்டாருங்க!"

"அப்ப அதனாலதான் போயிட்டான். என்னை விடு."

மனைவி சட்டென்று பேச்சை நிறுத்தினாள். அவரை ஒரு பார்வை பார்த்தாள். மூக்கைப் பிடித்து மருந்து ஊற்ற முடியாத பிள்ளைகளைத் தினமும் வகுப்பில் பார்க்கிற பார்வை அது. ஜெயித்துவிட்டோம் என்று மெக்கானிக் நினைத்தார். இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவள் பேச்சை நிறுத்தியபோதெல்லாம் தனக்கு என்ன கதி ஆனது என்பது, அந்த நெஞ்சு பாரத்தில் அவருக்கு ஞாபகம் வரவில்லை.

கத்தரிக்கோல் கீழே விழுந்தது.

"என்னங்க... எனக்கு என்னமோ பண்ணுதுங்க."

"உனக்கா? உனக்கென்ன?"

"நெஞ்சுக்கு நடுவுல..." அவள் பக்கத்து நாற்காலியில் சரிந்தாள். "பாரமா இருக்கு. பெட்டியை வெச்ச மாதிரி."

"வலி வேற எங்கயாவது போகுதா?"

அவள் அவரைப் பார்த்துக்கொண்டே இடது கையைத் தடவினாள். அவர் தாடையைப் பிடித்தார். அவளும் தாடையைப் பிடித்தாள்.

"ஐயையோ! இது ஹார்ட் அட்டாக்கு!" மெக்கானிக் அலறினார்.

"கேஸா இருக்குமோங்க?"

"கேஸாவது கீஸாவது! நெஞ்சுல பாரம், இடது கை, தாடை! உன் கிளாஸ் குழந்தைகளைக் கேட்டாக்கூடச் சொல்லும்!"

"அரை மணி நேரம் பார்க்கலாமே?"

"பைத்தியமா உனக்கு? பார்த்துக்கிட்டே இருந்து போய்ச் சேர்றதுக்கா?"

"ஞாயித்துக்கிழமையும் அதுவுமா அவங்களுக்கு எதுக்குத் தொந்தரவு..."

"வாயை மூடு! அவங்க வேலையே அதுதான்!"

போன் பையிலிருந்து வெளியே வந்தது. முதலில் அவள் போன் வந்தது. அதைத் தூக்கி எறிந்துவிட்டுத் தன்னுடையதை எடுத்தார். அவசர எண்ணை அமுக்கினார். எந்தப் பட்டனையும் அவர் வாழ்நாளில் அவ்வளவு பலமாக அமுக்கியதில்லை.

மறுமுனையில் ஒரு பெண் நிதானமாகக் கேட்டாள். அவர் விலாசத்தைச் சொன்னார். வலியைச் சொன்னார். தானே அனுபவித்துப் பார்த்தவர் போல அத்தனை துல்லியமாகச் சொன்னார்.

"வேர்க்குதா சார்?"

மெக்கானிக் மனைவியின் நெற்றியைப் பார்த்தார். காய்ந்து கிடந்தது. அவள் கையை நீட்டி, அவர் நெற்றியை ஆதரவாகத் துடைத்துவிட்டாள். பிறகு அதே ஈரக் கையால் தன் நெற்றியைத் தடவிக்கொண்டாள்.

"வேர்க்குதும்மா! தொப்பலா நனைஞ்சுட்டா!"

"மூச்சு வாங்குதா?"

"வாங்குது... வாங்குது..."

"சார், உங்களுக்குத்தான் வாங்குற மாதிரி கேக்குது."

"என்னை விடும்மா! நான் பதட்டத்துல இருக்கேன்!"

"வண்டி கிளம்பிடுச்சு. அவங்களை நடக்க விடாதீங்க. படி இறங்கவே கூடாது. நீங்களா ஸ்கூட்டர், ஆட்டோன்னு எதுலயும் கூட்டிட்டு வராதீங்க. எங்க ஆளுங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வர்ற வழியிலேயே வைத்தியத்தை ஆரம்பிச்சுடுவாங்க. வாசக் கதவை மட்டும் திறந்து வைங்க."

அவர் கதவைத் திறக்க எழுந்தார். மனைவி சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"என்னை விட்டுட்டு எங்கயும் போகாதீங்க. இங்கயே உட்காருங்க. நல்லா சாஞ்சுக்குங்க."

"நான் எதுக்குச் சாயணும்? வலி உனக்கா எனக்கா?"

"நீங்க சாஞ்சாத்தாங்க எனக்கு மூச்சு விட முடியுது."

இதென்ன நியாயம் என்று எரிச்சலாக வந்தது. ஆனாலும் சாய்ந்தார். நோயாளி எழுந்து போய் வாசல் கதவை விரியத் திறந்தாள். அவருடைய மூக்குக்கண்ணாடி, மாத்திரை டப்பா, ஒரு துண்டு, மாற்றுச் சட்டை எல்லாவற்றையும் ஒரு பைக்குள் திணித்தாள்.

"உன்னை நடக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கு! சொன்ன பேச்சை என்னிக்குத்தான் கேட்டிருக்கே!"

"இப்பக் கொஞ்சம் பரவாயில்லங்க."

"பரவாயில்லன்னு சொல்லாத! அப்படிச் சொல்றவங்கதான்..."

இவள் போய்விட்டால் என்ன செய்வது என்ற நினைப்பு அவரை அப்படியே அமுக்கியது. இந்த வீட்டில் உப்பு டப்பா எங்கே இருக்கிறது என்பதுகூட அவருக்குத் தெரியாது. இவள் இல்லாத வீட்டில் யாரிடம் எரிந்து விழுவது? கண் கலங்கியது. அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கையும் ஜில்லிட்டிருந்தது. அதில் நடிப்பு இல்லை.

ஆம்புலன்ஸ் ஆட்கள் இரண்டு பேர் நாலு மாடியும் ஏறி, இரைக்க இரைக்க வந்தார்கள். கையில் கருவிப் பெட்டியோடு ஓர் இளம் நர்ஸ். பின்னால் மடக்கு நாற்காலியோடு ஒரு பலசாலி.

"யாருக்கு?" என்றாள் நர்ஸ்.

மெக்கானிக் மனைவியைக் காட்டினார். மனைவி மெக்கானிக்கைக் காட்டினாள்.

"லேடிக்குன்னுதானே சொன்னாங்க?"

"அவர் சொன்ன வலியெல்லாம் நிஜம்தாம்மா," என்றாள் மனைவி. "ஆளைத்தான் மாத்திச் சொல்லிட்டார். எனக்கு ஒண்ணுமில்ல."

"அடிப்பாவி!" என்றார் மெக்கானிக். அதற்கு மேல் திட்ட மூச்சு இல்லை.

நர்ஸ் அவர் முகத்தை ஒரு தடவைதான் பார்த்தாள். சட்டைப் பொத்தான்களைக் கழற்றி, மார்பில் வயர்களை ஒட்டினாள். கருவியிலிருந்து கோடு போட்ட காகிதம் வந்தது. அதைப் பலசாலியிடம் காட்டினாள். பிறகு சிரித்த முகமாக, "ஒண்ணுமில்ல சார், மெதுவா இந்த நாற்காலிக்கு மாறி உட்காருங்க," என்றாள்.

அந்தக் குரல் மெக்கானிக்குக்கு அத்துப்படி. லிஃப்ட் கம்பி பிரிந்து கிடப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டு, உள்ளே இருப்பவர்களிடம் "ஒண்ணுமில்லங்க, மெதுவா வெளிய வாங்க" என்று அவர் சொல்கிற குரல் அது. மறுபேச்சுப் பேசாமல் நாற்காலிக்கு மாறினார்.

"லிஃப்ட் எங்க?" என்று பலசாலி கேட்டான்.

"கழட்டி வெச்சிருக்காங்க," என்றாள் மனைவி.

படிவழியே அவரைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். ஒவ்வொரு மாடியிலும் கதவு திறந்தது. இரண்டாவது மாடியில் செயலாளர் நின்றுகொண்டிருந்தார். "ஐயோ, சார்! என்ன ஆச்சு?" என்று பதறினார். பதறிய கையோடு, "லிஃப்ட் எப்ப சார் ரெடியாகும்?" என்றும் கேட்டார்.

"இந்த பில்டிங்ல லிஃப்டைக் கழட்டி வெச்சது எவன் சார்?" பலசாலி பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டான்.

"யாரோ ஒருத்தர்," என்றாள் பையோடு பின்னால் இறங்கிய மனைவி. "கல்லு மாதிரி இருக்கேன்னு சொன்னாராம்."

மெக்கானிக் கண்ணை மூடிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் நேராக உள்ளே கொண்டுபோனார்கள். இதயத்துக்குப் போகிற ரத்தக் குழாய் ஒன்று அடைத்துப் போயிருந்தது. மெல்லிய கம்பியை விட்டு அடைப்பைத் திறந்தார்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த மனைவி, கதவு திறந்து "நல்லா இருக்கார்" என்று சொன்ன பிறகுதான் அழுதாள்.

மறுநாள் டாக்டர் வந்து பார்த்தார். "சரியான நேரத்துக்கு வந்தீங்க. நிறையப் பேர் கேஸு, அஜீரணம்னு வீட்லயே உட்கார்ந்து நேரத்தை விட்டுடறாங்க. யார் போன் பண்ணினது?"

"நான்தான் டாக்டர்," என்றார் மெக்கானிக், படுத்தபடியே கொஞ்சம் நிமிர்ந்து.

"சபாஷ்! உங்களை மாதிரி எல்லாரும் இருந்துட்டா எங்களுக்குப் பாதி வேலை மிச்சம்."

மனைவிக்கு இருமல் வந்தது. டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போகும்வரை நிற்கவில்லை.

அவர் போனதும் மெக்கானிக் இரண்டு நாள் எரிச்சலையும் கொட்டினார். "ஏன்டி, என்ன நடிப்பு நடிச்சே! நான் எப்படிப் பதறிப் போனேன் தெரியுமா? எனக்கு வந்த அட்டாக்குல பாதி உன்னாலதான்!"

"மீதிப் பாதி?"

"பேச்சை மாத்தாத! வெளையாடுற விஷயமா இது? பார்த்துக்க, நாளைக்கு நிஜமாவே உனக்கு நெஞ்சு வலின்னு சொன்னாலும் நான் நம்பப் போறதில்ல!"

அவள் போர்வையை இழுத்து அவர் மார்புவரை மூடினாள்.

"நம்ப வேணாங்க. போனை மட்டும் போடுங்க."