பதினான்கு அங்குலக் கடை

கணினி யுகத்தை உலகிலேயே முதன்முதலாக நாடா வைத்து அளந்த பெருமை, மைசூரிலுள்ள ஒரு விற்பனைவரி அலுவலகத்தையே சேரும். எந்த வட்டத்து அலுவலகம் என்று சொல்லமாட்டேன். சொன்னால் மற்ற வட்டத்தார் மனம் புழுங்குவார்கள். நான் இராமச்சந்திரன், அங்கே இரண்டாம் நிலை எழுத்தர். அளந்தது ஒரு நாடா. அளந்ததைக் கோப்பாக்கிக் கட்டியது இன்னொரு நாடா. இரண்டாவதற்கு முடிச்சுப் போட்டவன் அடியேன்.

1999 ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை, பாக்கியலட்சுமி என்ற அம்மாள் என் மேஜைமுன் வந்து நின்றார். ஹனூர்ப் பக்கத்துக்காரர். கணவர் ஆறுமுகசாமி மைசூரிலேயே ஹெப்பாள் பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் பிட்டர். வீடு விஜயநகரில்.

"ஏனுங்க, நான் எவ்வளவு வரி கட்டோணும்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தனுங்க" என்றார்.

அடுத்த மேஜைக்காரர் பேனாவைக் கீழே வைத்தார். யாரோ ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள், எனக்கு.

"உங்களுக்கு நோட்டீஸ் ஏதாவது வந்திருக்கா?"

"இல்லீங்க."

"ரெய்டு?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. நானாத்தான் வந்தேன்."

இத்தகைய ஆபத்தான நபரை நான் தனியாகக் கையாள முடியாது. அதிகாரி நஞ்சுண்டசாமியின் அறைக்கு அழைத்துப்போனேன். அவர் கன்னடக்காரர், ஆனால் தமிழரைத் தமிழிலேயே அலைக்கழிக்கவேண்டும் என்ற பெருந்தன்மை உடையவர்.

அம்மாள் விஷயத்தைச் சொன்னார். வீட்டில் கொள்ளுப்பொடி அரைக்கிறார். இன்டர்நெட்டில் ஒரு பக்கம் போட்டிருக்கிறார். பெங்களூரிலிருந்தும் மெட்ராசிலிருந்தும் ஈமெயிலில் கேட்கிறார்கள். பணத்துக்குப் பேங்க் டிராப்ட் வந்ததும் பார்சல் போகிறது. தெருவில் இரண்டு பெண்கள் கூட வேலை செய்கிறார்கள். இப்போது ஹெப்பாளில் ஒரு கம்பெனி கேன்டீன் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, மாதம் நாற்பது கிலோ எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறது. ஆனால் பில்லில் விற்பனைவரிப் பதிவு எண் இருக்கவேண்டும். ஆகஸ்ட் முப்பத்தொன்று கெடு.

"நம்பர் கெடைச்சா இன்னும் நாலு பேரை வேலைக்கு வெச்சுக்குவனுங்க" என்றார்.

"எல்லாம் சரி கணம்மா. கடை எல்லி, எங்கே?" என்றார் அதிகாரி.

"இன்டர்நெட்லீங்க."

"அது யாவ மொஹல்லா, எந்தப் பேட்டை?"

"மொஹல்லாவெல்லாம் இல்லீங்க. மண்டி மொஹல்லாவுல ஒரு பிரவுசிங் சென்டர் இருக்குது. அங்க போயித்தான் பாப்பேன்."

"ஹாங், அப்படிச் சொல்லு! கடை மண்டி மொஹல்லா. விண்ணப்ப பாரத்துல வியாபார இடம்னு அதையே எழுது. நாலு பக்கம் எல்லை என்ன? கெழக்கே யார் இருக்காங்க?"

அம்மாள் சற்று யோசித்து, "கெழக்கே பொத்தான் தட்டற பலகை இருக்குதுங்க" என்றார். மரியாதைக் குறைவாகச் சொல்லவில்லை. தெரிந்ததைச் சொன்னார்.

'இன்டர்நெட் என்னும் கட்டடத்தின் உரிமையாளர் யார்?' என்ற பொருளில் மறுவாரம் ஆலோசனைக் கூட்டம் நடந்தது. மூன்று மணி நேரம். இரண்டு சுற்று டீ, ஒரு சுற்று பிஸ்கெட். ஆய்வாளர் மல்லப்பன் எழுந்து, "நெட்டுன்னா வலை சார். வலைன்னா அது மீன்வளத் துறைக்குப் போகணும்" என்றார். கூட்டம் அந்த நுட்பத்தை அப்படியே தீர்மானமாக்கிற்று. அத்துறைக்குக் கோப்பின் நகல் ஒன்று அனுப்பினோம். 'இங்கு மீன் ஏதுமில்லை' என்று ஒன்பதே நாளில் பதில் வந்தது. இத்தனை அவசரம் எங்கள் அலுவலகத்துக்கு ஆகாது.

பிறகு மல்லப்பன் அளவு நாடாவுடன் மண்டி மொஹல்லாவுக்குப் போனார். உதவிக்கு நான். பிரவுசிங் சென்டர்க்காரர் விஜய்குமார், மணிக்கு அறுபது ரூபாய் என்றார்.

"அரசாங்க வேலை" என்றார் மல்லப்பன்.

"அரசாங்கத்துக்கும் அறுபதுதான் சார்."

டெலிபோன் கரகரவென்று கத்தி, கீச்சிட்டு, ஓய்ந்தது. திரையில் அம்மாளின் பக்கம் ஒவ்வொரு வரியாக இறங்கிற்று. மல்லப்பன் எழுதிய 'ஸ்தல ஆய்வறிக்கை'யை நான்தான் படியெடுத்தேன். அதன் நடையழகு கருதி இங்கே தருகிறேன்:

'கடை காலை 11.40 மணிக்கு மேலிருந்து கீழாக மெதுவாகத் திறந்தது. பரப்பு மூலைக்கு மூலை பதினான்கு அங்குலம். இருப்பு: பொடி டப்பா ஒன்று. எடுத்துப் பார்க்க முயன்றபோது கண்ணாடி தடுத்தது. 11.52-க்கு மின்சாரம் போனதால் கடை முன்னறிவிப்பின்றி மூடப்பட்டது. உரிமையாளர் தப்பியிருக்கக்கூடும்.'

உரிமையாளர் அப்போது எங்கள் அலுவலக வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். ஐந்தாவது தடவையாக.

அதிகாரி விசாரணைக்கு அழைத்த நாளன்று அம்மாள் ஒரு விற்பனைவரிச் சட்டப் புத்தகத்தோடு வந்தார். "சார், நான் படிச்சுப் பாத்தனுங்க. கர்நாடகத்துக்குள்ள வித்தா மாநில வரி. மெட்ராசுக்குப் போனா மத்திய விற்பனைவரி. வெளிநாட்டுக்கு ஏத்துமதின்னா வரி இல்லை. ஆர்டர் இன்டர்நெட்ல வந்தாலும் கடுதாசில வந்தாலும் ஒண்ணுதான். சரக்கு எங்கிருந்து எங்க போகுதுங்கறதுதான் கணக்கு. சரிங்களா?"

இருபத்தாறு வருஷ அனுபவசாலியான எங்கள் அதிகாரி, அதை இவ்வளவு சுருக்கமாக ஒருபோதும் கேட்டதில்லை.

"இது யாரு சொல்லிக்கொடுத்தாங்க?"

"புஸ்தகத்துல போட்டிருக்குதுங்க."

"சட்டப் புத்தகத்தைப் பப்ளிக் எல்லாம் படிக்கறதா?" என்று என்னைப் பார்த்தார். எனக்கே வெட்கமாக இருந்தது.

அதிகாரி வேறு வழியில் வந்தார். "கொள்ளு குதிரைக்குத்தானே போடறது? தீவனம்னா ஒரு விகிதம், மனுஷர் திங்கறதுன்னா ஒரு விகிதம். உங்க கஸ்டமர் எல்லாம் யாரு?"

"மனுஷங்கதானுங்க."

"புரூப் இருக்கா?"

அடுத்த முறை வாடிக்கையாளர்கள் எழுதிய பதினேழு ஈமெயில்களை அச்சடித்துக் கொண்டுவந்தார். 'சூடான சோற்றில் நெய் விட்டுப் பிசைந்து சாப்பிட்டோம்' என்று ஒருவர் எழுதியிருந்தார். குதிரை இப்படி எழுதாது என்று தீர்மானிக்க எங்களுக்கு ஒரு வாரம் பிடித்தது. அதன்பின், கடை டெலிபோன் கம்பியில் நடப்பதால் டெலிபோன் இலாகாவின் ஆட்சேபணையின்மைச் சான்று கேட்டோம். 'எங்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை' என்று அவர்கள் எழுதிக்கொடுத்தார்கள். 'சம்பந்தமில்லை' என்பது 'ஆட்சேபணை இல்லை' ஆகுமா என்று மேலிடத்துக்கு எழுதினோம்.

ஆகஸ்ட் முப்பத்தொன்றும் வந்தது, போயிற்று.

செப்டம்பர் முதல் வாரம் அம்மாள் கடைசியாக வந்தார். முகம் வாடியிருக்கும் என்று எதிர்பார்த்தேன். பளிச்சென்றிருந்தது.

"விண்ணப்பத்தை வாபஸ் வாங்கிக்கறனுங்க" என்றார். "கேன்டீன் ஆர்டர் வேற யாவாரிக்குப் போயிடுச்சு. ஒரு நா பூரா அழுதனுங்க, பொய் சொல்லலை. அப்பறம் நியூஜெர்சியில ஒரு கடைக்காரரு மாசம் அம்பது கிலோ கேட்டு எழுதினாரு. ஏத்துமதிக்கு நம்பர் குடுக்கற ஆபீசுல நாலே நாள்ல குடுத்துட்டாங்க. இனி எல்லாச் சரக்கும் அங்கதான். ஹெப்பாளுக்குப் பஸ்ஸுல அனுப்பறதைவிட அமெரிக்காவுக்கு அனுப்பறது லேசா இருக்குதுங்க."

வாபஸ் படிவத்தை நீட்டினேன். எழுதிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றார்.

"வியாபார இடம்னு போட்டிருக்குது. இதுல எங்க வீட்டு விலாசம் எழுதலாங்களா? பொடி அங்கதானே அரைக்கறோம்?"

"தாராளமா எழுதலாம்."

பேனா அப்படியே நின்றது. "அப்ப அன்னைக்கு அந்த பாரத்துலயும் இதையே எழுதியிருக்கலாமுங்களா?"

"எழுதியிருக்கலாம்."

"நம்பர் கெடைச்சிருக்குமுங்களா?"

"அந்த வாரமே."

"இது உங்களுக்கு எப்பத் தெரியுமுங்க?"

"நீங்க வந்த மொதல் நாளே."

"அட, தமிழ்க்காரரா இருந்துக்கிட்டு ஒரு வார்த்தை சொல்லப்படாதுங்களா?"

"நீங்க எவ்வளவு வரின்னு கேட்டீங்கம்மா. எந்த விலாசம்னு கேக்கலையே?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்து, படிவத்தைக் கொடுத்துவிட்டு, படியிறங்கும்போதும் சிரித்துக்கொண்டே போனார்.

அன்றே கோப்பை முடித்துக் கட்டினேன். மொத்தம் பத்து நிமிடம். அந்த வருஷ ஆண்டுவிழாவில் 'சிறந்த பணியாளர்' சான்றிதழும் ஒரு சுவர்க்கடிகாரமும் எனக்குக் கிடைத்தன. வணிகர் ஒருவரைப் பத்தே நிமிடத்தில் வரிவட்டத்திலிருந்து வெளியேற்றிய வேகத்தைப் பாராட்டி.