கண்ணுக்குத் தெரியாத கம்பு

நாலு மிளகாய்ச் செடியில் இலை வெளிறித் திட்டுத் திட்டாய்த் தேமல் விழுந்திருந்தது. பார்த்ததுமே சீனி முடிவு கட்டிவிட்டார், இது பக்கத்துக் காட்டு மாயகிருஷ்ணன் வேலைதான்.

தினமும் காலையில் அவன் காட்டுக்குப் போய்ச் செடி செடியாய்த் தொட்டுப் பார்த்து நாலு குறை சொல்லிவிட்டு வருவது சீனியின் வழக்கம். போன மாசம் அவன் திடீரென்று, "எங்க வரப்ப வெட்டிட்டீங்க, இனிமே இங்கன கால் வைக்காதீங்க" என்று வலிய சண்டை இழுத்தான்.

"அவன்தான் எதையோ தெளிச்சிருக்கான்" என்றார்.

"ஆபீசரம்மா இன்னைக்கு வாராவ. ஒரு எட்டு காட்டிருவோம்" என்றாள் மனைவி பாலம்மாள்.

விவசாய ஆபீசர் ப்ரியதர்ஷினி குனிந்து பார்த்தாள். "வைரஸ், தாத்தா. கம்பு மாதிரி இருக்கும். கண்ணுக்குத் தெரியாது."

"கண்ணுக்கே தெரியாதது கம்புன்னு ஒனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"மருந்து கிடையாது. கை வழியாப் பரவும். காய்ஞ்ச இலையிலகூட வருசக்கணக்கா சாகாமக் கெடக்கும். சோப்புப் போட்டுக் கை கழுவணும். அப்புறம் உங்க..."

"போதும்மா, வெளங்கிட்டு."

களையெடுக்க வந்த பெண்களை அன்றே விரட்டினார்.

"ஏட்டி, நீயும் உள்ள வராத. எவ கையும் படக்கூடாது."

"அப்ப வேலைய யாரு பாக்குதது?"

"நான் பாக்குதேன். இந்தக் காட்டுல நம்புற மாதிரி இருக்கது எங் கை ஒண்ணுதான்."

மடியிலிருந்து புகையிலையை எடுத்து உள்ளங்கையில் கசக்கி, கடைவாயில் அதக்கிக்கொண்டு இறங்கினார். நோய்ச் செடியைப் பிடுங்கினார். பக்கத்துச் செடியைப் பயப்படாதே என்பதுபோல் தடவிக்கொடுத்தார். மறுவாரம் அதுவும் வெளிறியது. இன்னும் கவனமாய், ஒரு செடி விடாமல் தடவிப் பார்த்தார். காடு முழுக்கத் தேமல்.

கரிசலில் வருசத்துக்கு ஒரே வெள்ளாமை. இது போனால் அடுத்த மழை வரைக்கும் வெறுங்காடுதான். சீனி புகையிலையைக் கசக்கியபடியே வரப்பில் ஏறினார். அந்தப் பக்கம் மிளகாய் பச்சைப் பசேலென்று நின்றது.

"ஏலே, எங்காடு சாவுது, ஒங்காடு சிரிக்குது. என்னலே செஞ்ச?" என்று ஒரு செடியைப் பிடிக்கக் கை நீட்டினார்.

மாயகிருஷ்ணன் பாய்ந்து வந்து குறுக்கே நின்றான்.

"தொடாதீங்க அண்ணாச்சி! ஒங்களுக்கும் சேத்துத்தான் இதுல விதைக்குப் பழம் விட்டிருக்கேன்."

"அப்ப எதுக்குலே வரப்புச் சண்டை?"

அவன் தலையைச் சொறிந்தான்.

"வரப்பாவது ஒண்ணாவது... இந்தச் சீக்கு காய்ஞ்ச போயிலையிலயும் இருக்குமாம். ஒங்க கை செடியில படக்கூடாதுன்னு ஆபீசரம்மா போன மாசமே எங்கிட்டச் சொன்னாவ. சொன்னா நம்புத ஆளா நீங்க, அதான் சண்டை போட்டேன்."