கப்பலுக்கு முன்னால் நாலு நாள்

"கப்பல் ஏறதுக்கு முன்னாடி ரெண்டு நாள் பத்தாது. நாலு நாளாச்சும் சென்னையில இருக்கோணும்" என்றார் குழந்தைவேல்.

கமலவேணி வெங்காயம் உரிப்பதை நிறுத்தினாள். "போன வாரம் ஒரு நாளே தண்டம்னீங்க?"

"அது போன வாரம். வண்டி பஞ்சராகும், மழை வரும், ரோட்ட மறிப்பாங்க. கப்பலென்ன நம்மூரு மினி பஸ்ஸா, கை காட்டுனா நிக்கறதுக்கு?"

"செரி, எறங்குனப்பறம் எத்தன நாளுங்க?"

"எறங்குனா பாத்துக்கலாம்."

"எறங்குனாவா?"

"எறங்குனப்பறம்னு சொன்னேன்."

"கரையில இருக்கற நாளெல்லாம் உங்க பொறுப்புங்க. கப்பல நாங்க பாத்துக்கறோம்" என்று கமலவேணி மறுபடி வெங்காயத்தை எடுத்தாள்.

வெண்ணந்தூர் வட்டாரத்தில் குழந்தைவேலின் ரிக் வண்டி ஆழ்துளைக் கிணறு போடாத தோட்டம் குறைவு. ஆயிரம் அடிக்குக் கீழே ஒளிந்திருக்கும் தண்ணீரை இழுத்து வெளியே போடுகிற மனுஷன். அதே தண்ணீர் மேலே வந்து கும்பலாக நின்றுவிட்டால் மட்டும் அவருக்கு ஆகாது. கிணற்று மேட்டில் கால் வைத்தாலே உள்ளங்கால் கூசும். தாலி கட்டின நாளிலிருந்து இந்த விஷயத்தைப் பெண்டாட்டிக்குத் தெரியாமல் கட்டிக் காத்து வந்தார்.

அப்படி இருக்கும்போதுதான் சென்னையில் வேலை பார்க்கும் மகள் மதுமதி போன் செய்திருந்தாள். "அம்மா ஆசைப்பட்ட மாதிரி கப்பலுக்கு ரெண்டு டிக்கெட் போட்டாச்சுப்பா. கடலுக்குள்ள சுத்திட்டு மூணாம் நாள் திரும்ப சென்னைக்கே வந்துரும்."

குழந்தைவேலுக்குக் கிணற்று மேடு ஞாபகம் வந்தது. ஆனால் முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. கமலவேணி எதையும் ஆசைப்பட்டுக் கேட்டவள் இல்லை. ஆகவே, தான் மறுக்காமலே கப்பல் கைவிட்டுப் போக வேண்டும். கரையில் நாளைக் கூட்டினால் ஏதாவது ஒரு சிக்கல் வந்தே தீரும் என்று நம்பினார்.

முதலில் குலதெய்வத்தைப் பிடித்தார். "பெரிய பிரயாணம். பூக் கேக்காமப் போகப்படாது."

வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம் கட்டி அம்மன் முன்னால் வைப்பார்கள். எந்தப் பூ வந்தால் உத்தரவு என்று கேட்பவர் மனசுக்குள் நினைத்துக்கொள்வார். பூசாரி ஒன்றை எடுத்துப் பிரிப்பார். குழந்தைவேல் வெள்ளை வந்தால்தான் பயணம் என்று நினைத்துக்கொண்டு, அம்மன் மன்னிப்பாள் என்ற தைரியத்தில் இரண்டு பொட்டலத்திலும் சிவப்பு அரளியையே வைத்துக் கட்டினார்.

பூசாரி பிரித்தார். சிவப்பு.

குழந்தைவேல் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "ஆத்தாளே வேண்டாங்கறா, என்ன பண்றது..." என்று ஆரம்பிப்பதற்குள் கமலவேணி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"செவப்பு வந்தா போலாம்னு நெனச்சிட்டு நின்னனுங்க. உத்தரவு குடுத்துட்டா!"

"போறது இந்த அம்மாவோட ஆசைன்னா, இவங்க நெனப்புத்தானுங்க செல்லும்" என்றார் பூசாரி. குழந்தைவேல் அவருடைய தட்டில் போட எடுத்த நோட்டைத் திரும்பச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டார்.

அடுத்த நம்பிக்கை சௌந்திரம். கமலவேணியின் அக்கா. ராசிபுரத்துக்காரி. கார் ஏறினால் பத்து இடத்தில் நிறுத்தி வாந்தி எடுப்பாள். அவளும் சென்னைக்கு வருகிறாள் என்றதும் குழந்தைவேலுக்குப் பாதித் தெம்பு வந்தது. இறங்கினால் ஒரு வாரம் படுத்துக்கொள்வாள், கமலவேணிதான் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். நன்றாக வழியனுப்பட்டும்.

சௌந்திரமோ எல்லாருக்கும் முன்னால் புது ஷூ மாட்டிக்கொண்டு கார் பக்கத்தில் நின்றாள்.

"வாந்தி மாத்திரை போட்டுக்கிட்டனுங்க மாப்ள. இப்பவே பழகோணுமில்லீங்க" என்று ஏறியவள், சென்னை வரைக்கும் குறட்டை விட்டாள்.

இனி சொந்தபந்தம்தான் கதி. சென்னையில் ஓட்டல் நடத்தும் பங்காளி வீரபாகுவைத் தனியாகக் கூப்பிட்டார். "கப்பல் ஏறற அன்னைக்கு மத்தியானம் உன் ஊட்டுல விருந்து வெய்யி. பொறுமையா சமைக்கச் சொல்லு, அவசரமே இல்ல."

"கப்பலுக்குப் போறவங்களுக்கு மத்தியானம் இலை போட்டா நான் மனுஷனாண்ணா? காத்தால ஆறு மணிக்கே போட்டுடறேன். நானே கார்ல கொண்டாந்து துறைமுகத்துல விடறேன்."

குழந்தைவேல் சளைக்கவில்லை. வரப்புத் தகராறில் வீரபாகுவோடு பேச்சுவார்த்தை இல்லாத இன்னொரு பங்காளி கதிர்வேலையும் அதே விருந்துக்கு அழைத்தார். இரண்டு பேரும் ஒரே பந்தியில் உட்கார்ந்தால் இலை பறக்கும், சட்டை கிழியும், பஞ்சாயத்து முடிய ராத்திரியாகும்.

காலையில் கதிர்வேல் உள்ளே நுழைந்தான். வீரபாகு எழுந்து நின்றான். குழந்தைவேல் ஆவலோடு பாயசத்தை ஓரமாக நகர்த்தி வைத்தார்.

"அண்ணனே கடலுக்குப் போறாரு. நாம இன்னுமா மூஞ்சியத் தூக்கிட்டுத் திரியறது?" என்று கதிர்வேல் தழுதழுத்தான். இரண்டு பேரும் கட்டிப் பிடித்து அழுதார்கள். ஒரு காருக்கு இரண்டு காராக, முன்னும் பின்னும் ஹாரன் அடித்துக்கொண்டு, கப்பலுக்கு எக்கச்சக்கமான நேரம் இருக்கும்போதே துறைமுகத்தில் கொண்டுபோய் இறக்கினார்கள்.

குழந்தைவேலிடம் மிச்சம் இருந்தது ஒரே ஒரு ஏற்பாடு. டிக்கியைத் திறந்து எடுத்தார். காற்றடித்த லாரி டியூப். ஊரில் கிணற்றில் நீச்சல் பழகும் பொடுசுகள் இடுப்பில் மாட்டிக்கொள்வது.

"இது எதுக்குங்கண்ணா?" என்றான் வீரபாகு.

"உக்காந்தா மெத்துனு இருக்கும்."

அப்போது கமலவேணி கப்பலைப் பார்த்தாள். அண்ணாந்து, வாயைப் பொத்திக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி பார்த்தாள். ரிக் வண்டிப் புழுதியைத் துடைத்தே வயசைக் கழித்தவளின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அவர் பார்த்ததே இல்லை. குழந்தைவேலுக்கு வெட்கமாக இருந்தது. இவளை ஏமாற்றவா இத்தனை கூத்தடித்தோம்? செத்தாலும் சரி, இவளோடு ஏறிவிடுவது என்று முடிவு செய்தார்.

டியூப்பைத் தலை வழியாக மாட்டி இடுப்புக்கு இறக்கினார். கண்ணை மூடிக் குலதெய்வத்திடம் அரளி விஷயத்துக்கு மன்னிப்புக் கேட்டார். பங்காளிகள் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருக்க, வாசல் காவலாளியிடம் போய் நின்றார்.

"நட கமலா. நான் இருக்கறேன், பயப்படாத."

பின்னால் பெட்டியை உருட்டிக்கொண்டு வந்த சௌந்திரம் டிக்கெட்டைக் காவலாளியிடம் நீட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

"நீங்க எங்கீங்க மாப்ள டியூப்போட கெளம்பிட்டீங்க? 'எங்க ஊட்டுக்காரரு கெணத்து மேட்டுக்கே வர மாட்டாரு, நீ வாக்கா'ன்னுதானுங்களே ரெண்டாவது டிக்கெட்ட கமலா எனக்குப் போடச் சொன்னா!"