வாய்க்காலில் வந்த முளைப்பாரி

எதையும் பட்டியல் போட்டுச் செய்கிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. பட்டியலில் இல்லாதது உலகத்திலேயே இல்லை என்று நினைத்துக்கொள்வோம். எனக்கு அது கொழும்பிலிருந்து வந்த மின்சார இலாகா அதிகாரியின் முன்னால் முற்றிப்போனது.

வட்டவளைக்கு மேலே எங்கள் தோட்டம். தேயிலை ஃபெக்டரிக்குக் கரண்டு ஓடைத் தண்ணீரில் வந்தது. மலைமேல் வாய்க்கால், அதன் முடிவில் கம்பி வலை, அங்கிருந்து குழாய். குழாயில் பாய்ந்து இறங்கும் தண்ணீர் கீழே சக்கரத்தைச் சுற்றும். மிஞ்சுகிற கரண்டை, தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயங்களுக்கு, ஒரு அறைக் காம்பராவுக்கு ஒரு பல்பு வீதம் விற்கத் தோட்டம் முன்வந்தது. விலையை அரசாங்கம்தான் அங்கீகரிக்க வேண்டும். தண்ணீர் நின்றால் எண்ணெய் எஞ்சின் ஓட்டவேண்டும், அந்தச் செலவையும் விலையில் சேர்க்கவேண்டும் என்றார் தோட்டத்தை நடத்தும் தொரை. சேர்த்தால் லயத்தில் ஒருவராலும் பல்பு போட முடியாது. பழையபடி மண்ணெண்ணெய் விளக்குத்தான்.

கொழும்பு அதிகாரி நடத்தும் விலை விசாரணையில் லயத்தின் சார்பில் பேசத் தொழிற்சங்கத்தார் என்னைப் பிடித்தார்கள். தோட்டத்துப் பிள்ளை, தொழில்நுட்பம் படித்தவள், ஹட்டனில் மோட்டார் பழுதுபார்க்கிறவள். (அன்று என் நடையைப் பார்த்திருந்தால், மின்சாரத்தைக் கண்டுபிடித்தவளே நான்தான் என்று நினைத்திருப்பீர்கள்.)

விசாரணைக்கு முந்தின நாள் வாய்க்காலின் ஓட்டத்தை அளந்துவிட்டு வந்து, தண்ணீர் எதனாலெல்லாம் நிற்கலாம் என்று பட்டியல் போட்டுக்கொண்டிருந்தேன். மாரியம்மன் திருவிழா முடிகிற நேரம்.

"நாளைக்கு மொளப்பாரி கரைக்கணும் புள்ள. ஆத்துக்கு எறங்குற வழி சரிஞ்சு கெடக்கு. எங்க போய்க் கரைக்கிறது?" என்றாள் அம்மா.

நான் தலை நிமிரவில்லை. "மேல வாய்க்கால்ல கரைங்களேன். தண்ணி நல்லா ஓடுது. அளந்து பாத்துட்டேன்."

மறுநாள் ஃபெக்டரியில் விசாரணை. தலைக்கு மேலே பல்பு எரிய, என் முழு இங்கிலீஷையும் திரட்டி, "இந்தத் தண்ணீர் நிற்காது, ஐயா" என்றேன்.

சக்கரத்தின் சத்தம் இளைத்தது. பல்பு மஞ்சளாகி, சிவந்து, அணைந்தது. அந்த அமைதியில் மலைமேலிருந்து குலவைச் சத்தம் கேட்டது.

"எண்ணெய் எஞ்சினைப் பற்றித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்" என்றார் தொரை.

எல்லோரும் மேலே ஏறினோம். கம்பி வலை முழுக்கப் பச்சைப் பசேலென்று முளைப்பாரி அடைத்து நின்றது.

"வா புள்ள! நீ சொன்ன எடம் ரொம்ப வசதி!" என்றாள் அம்மா.

அவர் என்ன சொல்கிறார் என்று அதிகாரி என்னிடம் கேட்டார். இடம் வசதியாக இருக்கிறதாம் என்றேன். யார் சொன்ன இடம் என்று கேட்டார். குலவையில் காதில் விழாததுபோல் நின்றேன். (குலவை எப்போதோ நின்றுவிட்டது.)

"கரண்டு நின்னுபோச்சும்மா!"

"அதுக்கு ஏன் அழுவுற மாதிரி நிக்கிற? அடியே மூக்காயி, சேலைய வரிஞ்சு கட்டுடி!"

பெண்கள் வாய்க்காலில் இறங்கினார்கள். கொழுந்து எடுக்கிற கைகள், கேட்கவேண்டுமா! இரண்டு கையாலும் அள்ளினார்கள். கை நிறைந்ததும் பழக்கதோஷத்தில் தோளுக்கு மேலே பின்னால் போட்டார்கள். முதுகில் கூடை இல்லை. பின்னால் அதிகாரி இருந்தார்.

"ஐயோ, தொரைமாரு மேல போட்டுட்டோமே!" என்று மூக்காயி அத்தை பதறுவதற்குள் கீழே ஃபெக்டரி உறுமத் தொடங்கியது.

அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சேற்றைத் துடைத்தார். காதில் ஒரு முளை தொங்கியது. "உங்கள் எண்ணெய் எஞ்சினைக் கிளப்ப எவ்வளவு நேரமாகும்?" என்று தொரையிடம் கேட்டார்.

"அரை மணி நேரம்."

"இவர்கள் அதைவிட வேகம்" என்று சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார்.

தண்ணீர்ச் செலவை மட்டும் வைத்தே விலை உத்தரவு வந்தது. வாய்க்காலில் முளைப்பாரி கரைக்கக் கூடாது என்று அதில் ஒரு நிபந்தனை. சங்கத்தார் அதை லயத்து முற்றத்தில் சத்தமாக வாசித்தார்கள்.

இப்போதும் பல்பு கொஞ்சம் மங்கினால் போதும், "புள்ள, அளந்து பாத்தியா?" என்று காம்பராவுக்குக் காம்பரா குரல் கிளம்பும். அம்மாவின் குரல்தான் பெரியது.

என்னைப் பெண் பார்க்க ஹட்டனிலிருந்து வந்த அன்றைக்கும் பல்பு மங்கியது. மாப்பிள்ளை தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, மிக மரியாதையாக, "தண்ணி நல்லா ஓடுதுங்களா?" என்று கேட்டார்.

கதை அவ்வளவு தூரம் போய்விட்டது. இனி வேறு இடத்தில் போய் முதலிலிருந்து விளக்க முடியாது என்று அவரையே கட்டிக்கொண்டேன்.